மணியடித்துத் தீர்ந்த பசி

முன்னொரு காலத்தில், எந்த நாடென்று மட்டும் கேட்காதீர்கள், குறை என்ற சொல்லைக் கேட்டாலே தலைவலி வந்துவிடும் மன்னர் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் யாராவது "எங்கள் தெருவில்..." என்று தொடங்கினால் போதும், கொட்டாவி விடுவார். ஒருநாள் ஆலங்கரை ஊர்ச்சபைக்கு வெண்கல மணி ஒன்றை அனுப்பி, "யார் குறை சொன்னாலும் மணியை அடியுங்கள். அத்தோடு குறை தீர்ந்தது. தீர்ந்த குறையை மறுபடி பேசுபவரை ஊரைவிட்டு விரட்டுங்கள்" என்று ஆணையிட்டார்.

சபைத் தலைவரான மந்திரி காலிங்கராயருக்கு வாயெல்லாம் பல். மணியை ஓர் அடி அடித்துவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார்.

ஒருமுறை மன்னரே சபைக்கு வந்திருந்தார். மோர் விற்கும் மருதாயி எழுந்தாள்.

"சாமி, வாய்க்கால் பாலம் ஒடைஞ்சு கெடக்குன்னு போன சபையிலயே சொன்னேன். மணி அடிச்சாங்க. பாலம் அப்படியேதான் கெடக்கு. நேத்து என் கன்னுக்குட்டி விழுந்து காலை ஒடிச்சுக்கிச்சு."

"தீர்ந்த குறையைப் பேசிவிட்டாள்! விரட்டுங்கள் இவளை!" என்று மந்திரி குதித்தார்.

மன்னர் அருகில் நின்ற விகடகவி விடங்கனுக்குப் பொறுக்கவில்லை. "பிரபு, பாலத்தை ஒருமுறை பார்த்துவிடலாமே" என்றான்.

அவன்மேல் நெடுநாளாகப் பொருமிக்கொண்டிருந்த மந்திரி விடுவாரா? "மகாராஜா, இவனும் அதையே பேசிவிட்டான். பாலம் என்ற பேச்சையே இனி எடுக்காமல், அந்தக் குறை தீரவில்லை என்று தங்கள் வாயாலேயே சொல்லவைக்கட்டும். பொழுது சாய்வதற்குள் முடியாவிட்டால் இவனும் அவளோடு வெளியேறட்டும்."

வேடிக்கை என்றால் மன்னருக்கு உயிர். "அப்படியே ஆகட்டும்" என்றார்.

மருதாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விடங்கன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்றைய விருந்தை அடியேனே பரிமாற வேண்டும், பிரபு" என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

உச்சிவேளை. தலைவாழை இலை விரித்தாயிற்று. "பசி காதை அடைக்கிறது, விடங்கா!" என்றார் மன்னர்.

விடங்கன் மணியை எடுத்து டாண் என்று அடித்தான். "மன்னரின் பசி தீர்ந்தது! இலையை எடுங்கள்!"

"அடப்பாவி! ஒரு பருக்கைகூட விழவில்லையே!"

விடங்கன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டான். "ஐயோ பிரபு, தீர்ந்த பசியைப் பேசலாமா? ஊரைவிட்டுப் போக நேருமே! மந்திரியாரையே கேளுங்கள்."

மன்னருக்கு முகம் சிவந்துவிட்டது. "மணி அடித்தால் பசி எப்படியடா தீரும்? சோறு போட்டால்தானே..."

சட்டென்று நிறுத்திக்கொண்டார். மருதாயியைப் பார்த்தார்.

"பாலத்துக் குறையும் அப்படித்தான் தீராமல் கிடக்கிறதா, அம்மா?"

கேட்டதுமே தாம் தோற்றது அவருக்குப் புரிந்துவிட்டது. வெறும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஆணையைத் திரும்பப் பெற்றேன்! பாலம் போட்டு முடிக்கும்வரை இங்கே ஒருவரும் சாப்பிடக்கூடாது, நான் உட்பட!"

அப்புறம் பார்க்க வேண்டுமே வேகத்தை! மந்திரி இடுப்பளவுத் தண்ணீரில் மரம் தாங்கினார். மன்னரோடு வந்த தளபதி கயிறு கட்டினார். இத்தனை நாள் கிடந்த வேலை வெயில் தாழ்வதற்குள் முடிந்தது. கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு மருதாயிதான் முதலில் கடந்தாள். ஊரே கைதட்டியது.

மன்னர் தம் முத்துமாலையைக் கழற்றி விடங்கன் கழுத்தில் போட வந்தார்.

"மாலை எங்கே போய்விடும், பிரபு? அடியேனும் காலையிலிருந்து பட்டினி. முதலில் சோறு போடச் சொல்லுங்கள்!"

மன்னர் மறுபடியும் சிரித்தார். மாலையையும் போட்டார், அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தம் கையாலேயே சோறும் போட்டார்.