ஏழு பிடி வழிச்சோறு

"அம்மா, நான் ஊருக்குப் போறேன்," என்றாள் நப்பின்னை. துணிமூட்டை ஏற்கெனவே இடுப்பில் இருந்தது.

பெருந்தேவி அம்மையார் சுக்கு இடித்துக்கொண்டிருந்தார். மலையடிவாரத்தில் எட்டுப் பெண்களுக்கு வைத்தியம் சொல்லிக்கொடுக்கும் குரு அவர்.

"பாடம் கசக்குதா?"

"பாடத்துக்கு என்னம்மா, உயிரையே குடுப்பேன். உலகம்மை அக்காதான்."

உலகம்மை மூத்தவள். மற்றவர்களைவிட ஒரு தலை உயரம். நப்பின்னை வாயைத் திறந்தால் போதும், 'ஊமைக்கோட்டான் பேசுதுடி' என்பாள். தன் துணியை அவள் தலையில் கட்டித் துவைக்க அனுப்புவாள். நேற்று குடத்தை உடைத்துவிட்டுப் பழியை இவள்மேல் போட்டாள்.

"நீங்க ஒரு வார்த்தை கண்டிச்சா..."

"கண்டிக்கத்தான் போறேன். என் முன்னால பூனையா இருப்பா. நான் அந்தப் பக்கம் போனதும்?"

நப்பின்னை மூட்டையை இறக்கி வைத்தாள்.

"அவ உன்னைப் பேசும்போது மத்தவளுக என்ன பண்ணுவாளுக?"

"சிரிப்பாங்கம்மா."

அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அம்மையார் இடிப்பதை நிறுத்தினார். முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"சரி, போ. ஆனா வழிச்சோறு வாங்காம படி இறங்காதே."

அது அந்த இடத்து வழக்கம். படிப்பை விட்டுப் போகிறவள், கூடப் படித்தவர்களிடம் தனித்தனியாகப் போய், அவரவர் மதியச் சோற்றில் ஆளுக்கொரு பிடி வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

"உலகம்மை அக்காகிட்டயுமா?"

"அவகிட்ட கடைசியா வாங்கிக்கோ."

அடுப்படியில் மருதாயி தனியாக இருந்தாள். இலையில் ஒரு பிடி வைத்தாள்.

"நீ வர்றதுக்கு முன்னால அவ துணியை நான்தான்டி துவைச்சேன். மறுபடி என் பக்கம் திரும்பிடுவாளோன்னுதான் சிரிச்சேன்."

கிணற்றடியில் இருந்த சந்தனமும் ஒரு பிடி வைத்தாள்.

"சிரிக்கலைன்னா அடுத்தது நான்தானே. அந்தப் பயத்துல சிரிச்சேன்டி."

மூன்றாமவள் ஒரு பிடி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆக மொத்தம் ஆறு பேர். ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி, ஆறு பேரும் அதே பயத்தைத்தான் சொன்னார்கள். இத்தனை நாள் ஒரே கூரையின் கீழ் படுத்தும் இது தெரியாமல் போயிற்றே என்று நப்பின்னைக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ஆறாவது பிடியை வாங்கிக்கொண்டு திரும்பினால், பின்னால் மருதாயி நின்றாள். அவளுக்குப் பின்னால் சந்தனமும் மற்றவர்களும். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. வந்துவிட்டார்கள்.

உலகம்மை மூலிகைக் கொட்டகையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஊமைக்கோட்டான் பிச்சைக்கு வந்திருக்குடி," என்று சொல்லிவிட்டுப் பழக்கதோஷத்தில் மற்றவர்களைப் பார்த்தாள்.

ஒருத்தியும் சிரிக்கவில்லை.

நப்பின்னை ஓரடி முன்னால் வந்தாள். இலையை நீட்டினாள்.

"என் பேரைச் சொல்லிக் குடுங்கக்கா."

உலகம்மை ஆறு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு அவள் கை சோற்றுக்குப் போனது.

"இந்தா... நப்பின்னை."

வெயில் தாழ்ந்ததும் அம்மையார் வெளியே வந்தார்.

"இன்னும் கிளம்பலையா?"

நப்பின்னை இலையைக் காட்டினாள். வெறும் இலை.

"வழிச்சோறு தீர்ந்துபோச்சும்மா, இனி எப்படிப் போறது? எல்லாரும் உக்காந்து தின்னுட்டோம்."

"உலகம்மையுமா?"

"அவங்க தள்ளித்தான் உக்காந்திருந்தாங்க. நான் போய் ஒரு உருண்டை வச்சேன்."