பெண்கள் வார்டின் ரேங்க் பட்டியல்

குருகுலம் என்றால் ஆற்றங்கரையில்தான் இருக்க வேண்டும் என்று சாஸ்திரம் எதிலும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். இந்தக் குருகுலம் ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் இருந்தது. குரு டாக்டர் எப்சிபாவுக்கு வயது நாற்பது. சீடர் டாக்டர் திருமேனிநாதனுக்கு ஐம்பத்திரண்டு. சிறுநகரம் ஒன்றில் இருபது வருடம் குடல்வால் அறுத்துவிட்டு, மார்பகப் புற்றுநோய் படிக்க வந்தவர்.

தலைமையாசிரியரின் மகன். எதை அளந்தாலும் ரேங்க் போட்டுவிடுவார். அறுவைக்கு முன் கீமோ எடுத்துக்கொள்ளும் பெண்களின் கட்டியைச் சுற்றுக்குச் சுற்று அளந்து, வார்டுப் பலகையில் எழுதிவந்தார். ரெஜினா: நாற்பத்திரண்டு மில்லிமீட்டர், இப்போது மூன்று. முதல் ரேங்க். செல்லக்கிளி: நாற்பது, இப்போது முப்பத்தைந்து. கடைசி.

ரெஜினாவுக்கு ஜிலேபி வாங்கிக் கொடுத்தார்.

இருவருக்கும் மறுநாள் அறுவை. செல்லக்கிளி பையைக் கட்டிவிட்டாள்.

“மருந்தே கேக்காத உடம்பு. இதை அறுத்து என்ன ஆகப்போகுது? நான் ஊருக்குப் போறேன் சார்.”

அவர் குருவிடம் ஓடிவந்தார்.

“மேடம், ரெஜினாவோடது வேகமாப் பெருகுற இனம். செல்லக்கிளியோடது பெண் ஹார்மோனைத் தின்னு மெதுவா வளர்ற இனம். கொடியது கரைஞ்சிடுச்சு. சாது ஏன் கரையல?”

எப்சிபா பேனாவை மூடினார்.

“வாங்க சார், டீ குடிக்கலாம்.”

கீழே, பார்வையாளர் வாசலில் காவலாளி மாசிலாமணி, பாஸ் இல்லாமல் டிபன் கேரியரோடு பாய்ந்தவர்களை மடக்கிக்கொண்டிருந்தார். உள்ளே பெஞ்சில் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அவர்கிட்ட பாஸ் இருக்கா?” என்றார் எப்சிபா.

“இல்ல மேடம்.”

“அப்புறம் ஏன் பிடிக்கல?”

“அவர் ஓடலையே. ஓடுறவங்கதான் என் கையில சிக்குவாங்க. இவர் பத்து நாளா அங்கேயேதான் இருக்காரு. நகர்ந்தா நாலு அடி.”

“எப்படிக் கிளப்புவீங்க?”

“கைத்தாங்கலா வெளியே கொண்டுபோய் விடணும். கேன்டீன்ல இனிமே சோறு போடாதேன்னு சொல்லிடணும். அப்புறம் எதுக்கு வரப்போறாரு?”

திருமேனிநாதன் சிரித்துவிட்டார். மருந்தும் பெருகுகிற செல்லைத்தான் பிடிக்கும். மற்றதற்கு அறுவை, பிறகு ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை. செல்லக்கிளியிடம் சொல்ல விஷயம் கிடைத்துவிட்டது. பாதி டீயோடு எழுந்தார்.

“இருங்க சார்.” எப்சிபா காவலாளி பக்கம் திரும்பினார். “ஓடுறவங்க எல்லாரையும் பிடிச்சுடறீங்களா?”

மாசிலாமணியின் குரல் இறங்கியது.

“நூறு பேர்ல ரெண்டு பேர் எனக்கு டிமிக்கி குடுத்துட்டு மேலே போயிடறாங்க மேடம். அவங்களை நெனச்சாத்தான் பயம். என் வித்தை அத்தனையும் பாத்துட்டாங்கல்ல.”

சீடர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“ரெஜினாகிட்ட தப்பிச்சு மிச்சமிருக்கிற மூணு மில்லிமீட்டர்,” என்றார்.

எப்சிபா தன் டீயைக் குடித்து முடித்தார்.

“பலகையை அழிச்சிடறேன் மேடம். செல்லக்கிளிகிட்ட இப்பவே பேசிடறேன்.”

“முதல்ல ரெஜினாகிட்ட பேசுங்க.”

“அவங்க சந்தோஷமா இருக்காங்களே. பையைக் கட்டினது செல்லக்கிளிதானே?”

“பாஸானப்புறம் யார் சார் பள்ளிக்கூடத்துல உட்கார்ந்திருப்பாங்க? காலையில ரவுண்ட்ஸ் போனப்ப பார்த்தேன். ரெஜினா பையைக் கட்டி வச்சுட்டாங்க. நீங்க குடுத்த ஜிலேபி நசுங்கக் கூடாதுன்னு மேலாப்ல வச்சிருக்காங்க.”