முழிக்கண்ணி கேட்ட கிளை

குளக்கரை ஈரக் களிமண்ணில் முழிக்கண்ணி என்ற தேவாங்கு தன் கையைப் பதித்தாள். கரிய முகமும் நீள வாலும் கொண்ட மந்திகளின் தலைவர் நெடுவாலர் மரத்திலிருந்து இறங்கி வந்தார். ஒரு பார்வை பார்த்தார். காலால் தேய்த்து அதை அழித்துவிட்டார்!

கை பதிப்பது அந்தக் காட்டின் வழக்கம். கோடையில் மற்ற மரங்கள் எல்லாம் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். குளக்கரை இச்சிமரம் ஒன்றுதான் பச்சைக் குடையாக விரிந்திருக்கும். அதில் பழம் சிவக்கும் முதல் நாள், குடும்பத்துக்கு ஒருவராக வந்து களிமண்ணில் கை பதிப்பார்கள். ‘கை உள்ளவருக்குக் கிளை உண்டு’ என்பது சட்டம். பதித்த கையை மந்திகள் எண்ணிப் பார்ப்பார்கள். ஐந்து விரல் இருந்தால் ஒரு கிளை. அவ்வளவுதான்.

முழிக்கண்ணி ஆசைக்காகக் கிளை கேட்கவில்லை. அவள் குடியிருந்த முட்புதர்க் காடு போன மாதம் தீயில் எரிந்துபோனது. அவளுடைய இரண்டு குட்டிகளும் இப்போது ஓர் இலைகூட இல்லாத வேலமரத்தில் தொற்றிக்கொண்டு கிடந்தன. அந்த வேலமரத்துக்கு மேலே இரண்டு நாட்களாக ஒரு வல்லூறு வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. பகல் வெளிச்சம் தேவாங்குக்கு ஆகாது. ஆனாலும் கண் கூச, கண்ணில் நீர் வழிய, அவள் நட்ட நடுப் பகலில் வந்து கை பதித்தாள்.

"ஏன் ஐயா அழித்தீர்கள்?" என்று கேட்டாள்.

"இது கை இல்லையம்மா. எண்ணிப் பார்! நாலு விரல்தான் இருக்கிறது."

"ஐந்து இருக்கிறது ஐயா. ஆள்காட்டி விரல் கொஞ்சம் குட்டை. குட்டை என்றால் இல்லை என்று ஆகிவிடுமா?"

மரத்தில் இருந்த மந்திகள் சிரித்தன. "தேவாங்கு மாதிரி இருந்துகொண்டு பேச்சைப் பார்!" என்றது ஒன்று.

"தேவாங்கு தேவாங்கு மாதிரிதான் இருக்கும். வேறு யார் மாதிரி இருக்க வேண்டும்?" என்றாள் முழிக்கண்ணி.

நெடுவாலர் வாலை நிமிர்த்திக்கொண்டார். "சொல்கிறேன், கேள். படைத்தவன் ஒரு விடியற்காலையில் குளித்துவிட்டு வந்து, நல்ல மண்ணாகப் பார்த்துப் பிசைந்து மந்தியைச் செய்தான். மறுநாள் குரங்கைச் செய்தான். தனித்தனி மண், தனித்தனி நாள்! வேலை முடிந்ததும் கையைக் கழுவினான் பார், அந்தத் தண்ணீரில் கரைந்து போன மிச்ச மண்ணில் வந்தவள் நீ. மிச்சத்துக்கெல்லாம் மரத்தில் இடம் கிடையாது!"

இதைக் கேட்டதும் எதிர்க் கிளையிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. சிரித்தவன் குரங்குகளின் தலைவன் கொண்டையன். அவன் உச்சந்தலையில் மயிர் கொண்டை போட்டதுபோல் நிற்கும். தன் அறிவு அதைவிட உயரமாக நிற்கிறது என்பது அவன் நினைப்பு.

"மண்ணாவது, பிசைவதாவது! இன்னுமா இந்தக் கதை, நெடுவாலரே? யாரும் யாரையும் பிசையவில்லை. மந்தி, குரங்கு, தேவாங்கு, எல்லாம் ஒரே கிழத்தாயின் வழி. தலைமுறைக்குத் தலைமுறை கொஞ்சம் கொஞ்சமாக மாறி இப்படி ஆனோம்!"

முழிக்கண்ணியின் பெரிய கண்கள் இன்னும் பெரிதாயின. அப்பாடா, நம் பக்கம் பேச ஒரு ஆள் இருக்கிறான் என்று நினைத்தாள்.

"அப்படியானால் எனக்கும் கிளை உண்டுதானே, அண்ணே?"

"உனக்கு எதற்கு? நீதானே அந்தக் கிழத்தாய்! நாங்கள் எல்லாம் உன்னிலிருந்து புறப்பட்டு எவ்வளவோ தூரம் வந்துவிட்டோம். நீ புறப்பட்ட இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு, பகலெல்லாம் தூங்குகிறாய். முன்னோருக்கு வருஷத்துக்கு ஒருநாள் பிண்டம் வைப்பது உண்டு. கிளை கொடுப்பது உண்டா?"

குரங்குகள் கிளையைத் தட்டித் தட்டிக் கும்மாளம் போட்டன. "வாங்க பூட்டி! பிண்டம் வேணுமா பூட்டி?"

அதற்குள் நெடுவாலருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. முழிக்கண்ணி மேல் அல்ல, கொண்டையன் மேல்.

"டேய் கொண்டையா! தேவாங்கு வழியில் வந்தவன் என்று சொல்லிக்கொள்ள உனக்கு வெட்கமாக இல்லையா?"

"மண்ணுருண்டை வழியில் வந்தவர் என்று சொல்லிக்கொள்ள உங்களுக்கு வெட்கமாக இல்லையா?"

"பிசைந்தான்!"

"பிசையவில்லை!"

"நீ பார்த்தாயா?"

"நீங்கள் பார்த்தீர்களா?"

மந்திகள் ஒரு பக்கம் கூச்சலிட்டன. குரங்குகள் மறுபக்கம் கூச்சலிட்டன. இலையும் பழமும் குளத்தில் கொட்டின. மரத்தின் நிழல் இக்கரையிலிருந்து அக்கரைக்கு நீண்டது. ஒருவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மற்றவர் ஒப்புக்கொள்ளவில்லை. தேவாங்குக்குக் கிளை இல்லை என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து!

முழிக்கண்ணி வேலமரத்தைப் பார்த்தாள். வல்லூறின் வட்டம் சின்னதாகிக்கொண்டே வந்தது.

"போதும்!" என்றாள். குரல் சின்னதுதான். ஆனால் கெஞ்சுகிற குரல் இல்லை. இரண்டு பக்கமும் வாயை மூடின.

"நெடுவாலரே, என் கையை அழித்தீர்கள். உங்கள் கையை ஒருமுறை பதியுங்கள், பார்ப்போம்."

"என் கையையா? மந்தியின் கையை எண்ணும் வழக்கம் இல்லை."

அது உண்மைதான். எந்த மந்தியின் கையையும் அதுவரை யாரும் எண்ணியதே இல்லை. எண்ணுகிறவர்கள் எப்போதும் மந்திகள்தானே!

"பதியுங்கள் பெரியவரே! என்ன, பயமா?" என்று கொண்டையன் கிளறிவிட்டான்.

நெடுவாலருக்கு ரோஷம் வந்தது. கையை ஓங்கி மண்ணில் பதித்தார். எடுத்தார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். நீளமாக நாலு விரல். கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் கடலைப்பருப்பு அளவுக்கு ஒரு குழி.

"எண்ணுங்கள் ஐயா," என்றாள் முழிக்கண்ணி.

யாரும் எண்ணவில்லை.

"அது... அது, கிளை விட்டுக் கிளை தாவும்போது இடிக்கக் கூடாது என்று படைத்தவன் பார்த்துப் பார்த்துக் குட்டையாக வைத்தது!" என்றார் நெடுவாலர்.

"என் ஆள்காட்டி விரல் குட்டையாக இருப்பது, கிளையை அகலமாகப் பிடித்துக்கொள்ள. உங்களுக்குக் குட்டை என்றால் அருள், எனக்குக் குட்டை என்றால் மிச்ச மண்ணா?"

நெடுவாலர் தன் கைத்தடத்தைக் காலால் தேய்க்கப் போனார்.

அந்த நேரம் பார்த்து, வானத்தில் வல்லூறு சிறகை மடக்கியது. கல் விழுவதுபோல் வேலமரத்தை நோக்கி விழுந்தது.

முழிக்கண்ணி அலறினாள். ஓட அவளால் முடியாது. தேவாங்குக்குத் தெரிந்தது நடை மட்டும்தான்.

மேல்கிளையில் பூவாயி என்ற இளம் மந்தி தன் பிள்ளையை வயிற்றோடு அணைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் யோசிக்கவில்லை. யாரையும் கேட்கவில்லை. பிள்ளையைப் பக்கத்தில் இருந்தவளின் மடியில் தள்ளினாள். ஒரே தாவல், தரை. அடுத்த தாவல், வேலமரம். இரண்டு குட்டிகளையும் வாரி நெஞ்சில் போட்டுக்கொண்டு உருண்டாள். வல்லூறின் நகம் வெறும் பட்டையைக் கிழித்துவிட்டுப் போனது.

"அழாதே அக்கா! ரெண்டும் பத்திரம்!" என்று மூச்சு வாங்க வந்து நின்றாள் பூவாயி.

ஆனால் குட்டிகள் அவளை விடுவதாக இல்லை. அவளுடைய மயிரை இறுகப் பிடித்திருந்தன. ஒவ்வொரு விரலாகத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. பிரிக்கப் பிரிக்கப் பூவாயி வாய்விட்டு எண்ணினாள். "ஒன்று. இதோ குட்டியாக ஒன்று. மூன்று. நாலு. ஐந்து." மறு கையிலும் ஐந்து.

அவள் நெடுவாலர் பக்கம் திரும்பினாள்.

"தலைவரே, நான் படைத்தவனை நம்புகிறவள். இன்று விடியலில்கூடக் கும்பிட்டுவிட்டுத்தான் பழம் தின்றேன். ஆனால் இது என் பிள்ளை என்னைப் பிடிக்கிற அதே பிடி. படைத்தவன் தனித்தனியாகப் பிசைந்தானோ, ஒரே தாய் வழியாக எல்லோரையும் கொண்டுவந்தானோ, அது அவன் வேலை. எப்படிச் செய்திருக்க வேண்டும் என்று அவனுக்கே நாம் பாடம் எடுப்பதா?"

மந்திகள் தலையைக் குனிந்துகொண்டன. கொண்டையன் கையைத் தட்டினான்.

"கேட்டீர்களா? நான் சொன்னதுதான் சரி! முதலிலேயே சொன்னேனா இல்லையா?"

"நீங்கள் சொன்னதில் பாதிதான் சரி, அண்ணே," என்றாள் முழிக்கண்ணி. குட்டிகள் இப்போது அவள் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்தன. "ஒன்று கேட்கிறேன். அந்தக் கிழத்தாய்க்கு வால் இருந்ததா?"

"இருக்காமல்? நல்ல நீள வால்!"

"உங்களுக்கு?"

கொண்டையன் திரும்பிப் பார்த்துக்கொண்டான். "இருக்கிறது."

முழிக்கண்ணி முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். வால் இருந்த சுவடே இல்லை.

"புறப்பட்ட இடத்திலேயே உட்கார்ந்திருப்பது யார், அண்ணே?"

இந்த முறை மந்தி, குரங்கு என்ற பேதமே இல்லாமல் மரம் முழுக்கச் சிரித்தது. கொண்டையனின் கொண்டை சரிந்தது.

முழிக்கண்ணி சிரிக்கவில்லை. "யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. நீங்கள் பகலில் ஓடப் பழகிய காலமெல்லாம் நான் இருட்டில் ஓசையில்லாமல் நடக்கப் பழகினேன். நீங்கள் வந்த தூரம் எவ்வளவோ, அவ்வளவு தூரம் நானும் வந்திருக்கிறேன். வழிதான் வேறு. நான் உங்கள் பூட்டி இல்லை. அவள் என்றைக்கோ போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளுக்குப் பிண்டம் வைக்கும்போது என்னையும் கூப்பிடுங்கள், எனக்கும் அவள்தான் பூட்டி! நான் உங்களுக்குப் பங்காளி."

"பொம்பளை எங்கேயாவது பங்காளி ஆவாளா?" என்று ஒரு கிழட்டுக் குரங்கு முணுமுணுத்தது.

"ஏன் பெரியப்பா, வயது வந்ததும் கூட்டத்தை விட்டு ஊர் சுற்றப் போவது ஆம்பளைகள் நீங்கள். மரத்தோடு இருப்பது பொம்பளைகள் நாங்கள். பங்கைப் பற்றி நீங்கள் பேசலாமா?" என்றாள் பூவாயி. குரங்குப் பெண்களும் "அப்படிக் கேள்!" என்றார்கள். கிழட்டுக் குரங்கு இலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டது.

நெடுவாலர் தொண்டையைக் கனைத்தார். இனிமேல் மறுக்க வழியில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தோற்றதாகக் காட்டிக்கொள்ளவும் மனமில்லை.

"சரி, சரி. பிள்ளைக்காரி. பார்த்தால் பாவமாக இருக்கிறது. என் தயவில், தானமாக, அந்த அடிக்கிளையை எடுத்துக்கொள். போ!"

முழிக்கண்ணி அதற்கு முன்பே ஏறத் தொடங்கியிருந்தாள். ஒரு கை, பிறகு ஒரு கை. அவசரம் இல்லை. அடிக்கிளை வந்தது. தாண்டினாள். அதற்கு மேல் கிளையையும் தாண்டினாள். இலை அடர்ந்த நடுக்கிளையில், வல்லூறின் கண் எட்டாத இடத்தில் குட்டிகளை இறக்கி உட்கார வைத்தாள். பிறகு கீழே பார்த்துச் சொன்னாள்:

"தானம் அந்நியருக்குக் கொடுப்பது, ஐயா! ஒரு தாய் வழி வந்தவர்களுக்குள் இருப்பது பங்கு; அதை மறுக்கவும் யாருக்கும் உரிமை இல்லை, இரக்கப்பட்டுக் கொடுக்கவும் யாருக்கும் உரிமை இல்லை!"