கதவு மூடும்வரை

எந்த மகராசன் அந்த விதியை எழுதினானோ, அவன் ஒருநாள்கூட விமானத்துக்குள் ஒரு பெட்டியைத் தூக்கி மேலே வைத்திருக்க மாட்டான். விமானத்தின் கதவு மூடிய பிறகுதான் பணிப்பெண்களுக்குச் சம்பளம் ஓடும் என்று எழுதிவிட்டான். அதற்கு முன்னால் ஆட்களை உட்காரவைப்பது, பெட்டிகளை அடுக்குவது, அழுகிற குழந்தைக்கு வெந்நீர் கொடுப்பது எல்லாம் அவன் கணக்கில் சும்மா நிற்பது.

பணிப்பெண்கள் சங்கம் மாதக்கணக்கில் பேசிப் பார்த்தது. நிர்வாகம் அசையவில்லை. அன்று காலை மதுரைக்குப் போகும் விமானத்தில் பணிப்பெண்கள் நால்வரும் விதிப்படியே நடந்துகொண்டார்கள். கையைக் கட்டிக்கொண்டு, சிரித்த முகமாக, சும்மா நின்றார்கள்.

பெட்டிகளை அடுக்காமல் கதவைச் சாத்தக் கூடாது. கதவைச் சாத்தாமல் சம்பளம் ஓடாது. சம்பளம் ஓடாமல் அவர்கள் கை அசையாது. விமானம் மீனம்பாக்கத்து வெயிலில் கிடந்தது.

நிர்வாகத்தின் சார்பில் பேசுகிற அதிகாரி கோதண்டபாணி ஓடிவந்து ஏறினார். இந்த விமானம் கிளம்பாவிட்டால் நாளைக்கு ஆபீஸ் பக்கமே வர வேண்டாம் என்று மேலிடம் சொல்லியிருந்தது.

"ஜெபசீலி, நீ சங்கத் தலைவி. இது நியாயமாம்மா?"

"கதவு மூடட்டும் சார். பம்பரமா சுத்துறோம்."

"பெட்டியை அடுக்கினாத்தானே மூட முடியும்!"

"அதை உங்க விதிகிட்ட கேளுங்க சார்."

அப்போது ஆறாவது வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "டேய் பாணி!"

கோதண்டபாணிக்குக் குரல் தெரிந்தது. அன்னக்கொடி அக்கா. கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்கி, பிறகு மூட்டை தூக்குகிறவர்களின் கூலிச் சண்டைகளைப் பேசித் தீர்த்துப் பெயர் வாங்கியவர். கோட்டு போடுவதற்கு முந்தைய காலத்தில் கோதண்டபாணி பேரம் கற்றுக்கொண்டது அவரிடம்தான். வாங்கிய திட்டும் அவரிடம்தான் அதிகம்.

"அக்கா, நல்லவேளை நீங்க இருக்கீங்க. இவங்களை வழிக்குக் கொண்டுவர ஒரு வழி சொல்லுங்க. என் வேலையே போயிடும்."

"சொல்றேன். முதல்ல என் பையை மேல வை."

தூக்கினார். இடுப்பு பிடித்துக்கொண்டது. "உள்ள என்னக்கா?"

"கிரைண்டர் கல்லு. மதுரையில என் அக்கா மகளுக்கு. பதமா வை, யார் தலையிலயாவது விழப்போகுது."

வைத்துவிட்டுத் திரும்பினார். பின்வரிசைக்காரர் தன் பெட்டியை நீட்டினார். "தம்பி, இதையும் அப்படியே."

"நான் அதிகாரி சார்."

"இருந்துட்டுப் போங்க. உயரமா இருக்கீங்கல்ல?"

கோதண்டபாணி அக்காவைப் பார்த்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவரை யாரும் விடவில்லை. கோட்டைக் கழற்றினார். ஒரு பெட்டியைத் திணித்து மூடியை அடித்ததில் டை உள்ளே மாட்டிக்கொண்டது. ஒரு பெரியவர் மனைவி பக்கத்தில் உட்கார வேண்டும் என்றார். அந்த மனைவி, வேண்டவே வேண்டாம் என்றார். ஒரு குழந்தை கோட்டின் மேல் பால் கக்கியது. பதினோராவது வரிசை வருவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

தள்ளாடிக்கொண்டு ஆறாவது வரிசைக்குத் திரும்பினார்.

"என்னடா, மூச்சு வாங்குது?"

"வேலைக்கா. முதுகு ஒடியுது."

"வேலையா?" அன்னக்கொடி எட்டி வாசலைப் பார்த்தார். "கதவு இன்னும் திறந்துல்ல கிடக்கு?"

ஜெபசீலி சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டாள்.

கோதண்டபாணி ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அந்த விதியை நான் எழுதலைக்கா" என்றார்.

"பின்னே யாரு?"

"மேல ஒருத்தர்."

அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. "அந்த மேல இருக்கறவனுக்கு இப்பவே போனைப் போடு. கீழ இறங்கி இங்க வரச் சொல்லு. பன்னெண்டாவது வரிசையிலேருந்து மிச்சத்தை அவன் தூக்கட்டும். முடியலைன்னா, படியில கால் வெச்ச நிமிஷத்திலேருந்து இந்தப் பொண்ணுங்களுக்குக் கூலின்னு மாத்தி எழுதிக் கையெழுத்துப் போடட்டும். ரெண்டுல ஒண்ணு செய்யற வரைக்கும் கதவு திறந்தே கிடக்கட்டும். நல்லா காத்து வருது."