முடிச்சு உள்பக்கம்

"கர்ர்ர்... டக்!"

நடுராத்திரியில் அந்தச் சத்தம் கேட்டது. முயலம்மா செவ்வந்தி காதுகளை நிமிர்த்தினாள். அவளுடைய குட்டிகள் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தன.

"அது என்ன சத்தம்?" என்று கேட்டாள்.

"நரியண்ணன் கதவைச் சரிபார்க்கிறார். பேசாமல் தூங்கு!" என்றது முள்ளம்பன்றி.

அது காட்டோரத்தில் இருந்த பாழடைந்த பம்ப்செட் அறை. பனிக்காலம் வருவதற்குள் ஒட்டுப்போர்வை தைக்கப் பழக வேண்டும் என்று சின்னப் பிராணிகள் அங்கே கூடித் தங்கியிருந்தன. சோளக்கொல்லைப் பொம்மையின் சட்டை, முள்வேலியில் சிக்கிய சேலைக் கிழிசல், யாரோ எறிந்த குடைத்துணி, எல்லாம் துண்டு துண்டாக வந்து சேர்ந்தன. முள்ளம்பன்றியின் முள்தான் ஊசி. கற்றாழை நார்தான் நூல். சொல்லிக்கொடுத்தது தையல்சிட்டு. பழக வந்தவர்களைவிட வயதில் சின்னது. வாய் மட்டும் பெரியது.

வாசலுக்கு ஒரு மூங்கில் படல். படலின் வெளிப்பக்கம் கயிற்று வளையங்களில் ஒரு தாழ்க்கட்டை. பொழுது சாய்ந்ததும் நரி வந்து அதைச் சுவர்ப் பொந்துக்குள் தள்ளிவிடும். விடிந்ததும் உருவிவிட்டுத் தூங்கப் போகும்.

"தாழ் உள்ளே இருந்தால் தூக்கக் கலக்கத்தில் நீங்களே திறந்துவிடுவீர்கள்! வெளியே நான் இருக்கேனே, என்ன பயம்?" என்று அது சொல்லியிருந்தது. எல்லோரும் தலையாட்டியிருந்தார்கள்.

காலையில் காடையின் குஞ்சு ஒன்றைக் காணவில்லை.

"துறுதுறுப்பான பிள்ளை. எங்கேயாவது ஓடியிருக்கும்!" என்று நரி உச்சுக்கொட்டியது. காடை கதறி அழுதது. மூடிய கதவுக்குள்ளிருந்து எப்படி ஓடும்? செவ்வந்தி கேட்கத்தான் வாயெடுத்தாள். நரியின் பல்லைப் பார்த்ததும் கேள்வியை விழுங்கிவிட்டாள்.

நரி தூங்கப் போனது. வகுப்பு தொடங்கியது.

"குட் மார்னிங், டீச்சர்!" என்று ராகம் போட்டார்கள். அன்று ராகத்தில் சுரத்தே இல்லை. செவ்வந்தி தன் போர்வையை விரித்தாள். கடைசித் துண்டையும் சேர்த்து முடித்திருந்தாள். மூலைக்கு மூலை முடிச்சுகள் துருத்திக்கொண்டு நின்றன.

"என்னக்கா, போர்வைக்குப் பரு வந்திருக்கா?" என்றது சிட்டு.

"பூ மாதிரி அழகா இருக்கட்டும்னுதான்..."

அதற்குள் அவளுடைய கடைக்குட்டி ஒரு முடிச்சைக் கவ்வி இழுத்தது. சர்ர்ர்! குடைத்துணித் துண்டு தனியே வந்துவிட்டது.

"பார்த்தீங்களா! முடிச்சு எப்பவும் உள்பக்கம்தான்! வெளியே விட்டா வர்றவன் போறவன் எல்லாம் இழுப்பான்!"

மற்றவர்கள் சிரித்தார்கள். காடை சிரிக்கவில்லை. செவ்வந்தியும் சிரிக்கவில்லை. அவள் வாசல் படலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அந்தத் தாழ்க்கட்டை, டீச்சர்?"

சிரிப்பு நின்றது.

"வம்பு வேண்டாம்மா! நரியண்ணன் கோவிச்சுக்குவார்!" என்றது முள்ளம்பன்றி.

"கோவிச்சுக்கட்டும்! சாயங்காலமே மூடின தாழை ராத்திரியில் யார் உருவினது? எனக்கும் பயம்தான். ஆனா என் பிள்ளைங்களை இன்னொரு ராத்திரி அவன் கையில் விடமாட்டேன்!" என்றாள் செவ்வந்தி.

காடைதான் முதலில் எழுந்து வந்தது. "நார் எடு!" என்றது.

வெளி வளையங்களை அறுத்து, படலின் உள்பக்கம் வைத்துத் தைத்தார்கள். மூங்கில் கெட்டி, முள் ஊசிகள் ஒடிந்தன. பாதியில் நாரும் தீர்ந்துபோனது. ஒரு போர்வைக்கான நார் மட்டும் மீதி இருந்தது. அது செவ்வந்தியின் போர்வைக்குள் இருந்தது. அவளே அதைப் பிரித்தாள்.

கடைசி முடிச்சு பாக்கி. அதற்குள் நரி வந்துவிட்டது!

"யாரடி என் வளையத்தை அறுத்தது?" படலை இழுத்துச் சந்துக்குள் மூக்கை நுழைத்தது.

முள்ளம்பன்றி திரும்பி நின்று சிலிர்த்தது.

"ஐயோ, என் மூக்கு!"

"தையல் பழகுறோம் அண்ணே, ஆடாம நில்லுங்க!" என்று சிட்டு கத்தியது.

நரி குரலைக் குழைத்தது. "செவ்வந்தி, நான் உங்க காவல்காரன்!"

"காவல்காரனுக்கு உள்ளே என்ன வேலை?"

"போர்வையைப் பிரிச்சிட்டியே! உன் குட்டிங்க குளிரில் நடுங்குமே!"

"நடுங்கட்டும்! நடுங்க உயிரோட இருக்காங்கல்ல!"

செவ்வந்தி முடிச்சை இறுக்கினாள். உள்பக்கம். கட்டையில் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கர்ர்ர்... டக்! தாழ் விழுந்தது.

நம்மைக் காக்கும் தாழ் நம் கைக்கு எட்டுகிற உள்பக்கத்தில்தான் இருக்க வேண்டும். அதை வெளியே நிற்பவனிடம் ஒப்படைத்தால் அது காவல் ஆகாது.