கஸ்தூரியின் வலப்பக்கம்

கோத்தகிரியில் குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கும் ஹயாத் மாஸ்டருக்கு, அவரைவிட ஐந்து வயது மூத்த மாணவி ஒருத்தி இருந்தாள். பெயர் ஜெசிந்தா. மைதானத்துக்கு வெளியே அவளை அக்கா என்பார். மைதானத்துக்குள்ளும் அக்காதான், ஆனால் அங்கே அந்த அக்காவைத் திட்டவும் செய்வார்.

ஒரு நாள் காலை அவள் கைத்தடியோடு வந்தாள். வாசலிலிருந்து லாயம் வரை வலது காலை இழுத்து இழுத்து வருவதற்கே நேரம் பிடித்தது. அவளுடைய குதிரை கஸ்தூரி, புதிதாகத் தடிச் சத்தம் கேட்டும் ஆள் யாரென்று தெரிந்துகொண்டு கனைத்தது.

"மாஸ்டர், ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துட்டாங்க."

"இது எத்தனையாவது தடவை?"

"மூணாவது. முதல் ரெண்டையும் நான்தான் தள்ளிப்போட்டேன்."

"இப்போ எப்போ?"

"இன்னும் இருபத்தொரு நாள். கோயம்புத்தூர்ல."

முப்பத்து நான்கு வயதில் அவளுடைய வலது இடுப்பு மூட்டு உதிர்ந்துகொண்டிருந்தது. எலும்புக்கு ரத்தம் போகவில்லை என்றார்கள். அதை அறுத்தெடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்றைப் பொருத்த வேண்டும். மகள் ரூத்துக்கு நான்கு வயது. ஆறு மாதமாக அவளை ஜெசிந்தா இடுப்பில் தூக்கவில்லை. ரூத்தும் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஒரு பிளாஸ்டிக் முக்காலியை இழுத்து வந்து போட்டு, அதன்மேல் ஏறி நின்று, அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்வாள்.

ஜெசிந்தா கைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள்.

"எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். கஸ்தூரி இனிமே உங்க குதிரை."

மாஸ்டர் கை நீட்டவில்லை.

"ஏன்?"

"மறுபடி குதிரை ஏறலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டேன். முதல்ல நடங்கம்மா, அப்புறம் பேசலாம்னு சிரிச்சார். நீங்க சொல்லுங்க மாஸ்டர். நான் திரும்ப ஏறுவேனா?"

மாஸ்டர் கஸ்தூரிக்குச் சேணம் வைத்து வெளியே கொண்டுவந்தார். கடிவாளத்தைத் தன் கையிலேயே பிடித்துக்கொண்டார்.

"வாங்க. பக்கத்துல நில்லுங்க."

அவள் போய்க் குதிரையின் இடது தோளருகே நின்றாள்.

"இந்தப் பக்கம் இல்ல. அந்தப் பக்கம்."

குதிரைக்காரர்களுக்கு எல்லாமே இடப்பக்கம்தான். சேணம் வைப்பது, கடிவாளம் மாட்டுவது, கூட நடப்பது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அங்கிருந்துதான். வலப்பக்கம் என்பது தேய்த்துக் குளிப்பாட்டுவதற்கு மட்டும். ஏனென்று யாரும் கேட்பதில்லை. மாஸ்டருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஜெசிந்தாவுக்கு அவரும் அப்படியே சொல்லிக்கொடுத்தார்.

அவள் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போனாள். ஏறப்போகிறவளைப் போல சேணத்தில் கை வைத்தாள். கஸ்தூரி காதுகளைப் பின்னால் மடக்கிக்கொண்டு இரண்டு எட்டு விலகியது.

"என்ன மாஸ்டர் இது? எட்டு வருஷமா வச்சிருக்கேன். என்னைத் தெரியலையா இவளுக்கு?"

"உங்களை நல்லாத் தெரியும். அந்தப் பக்கத்துல யாரும் ஏறமாட்டாங்கன்னும் தெரியும்."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"தினம் காலையில அரை மணி நேரம் வாங்க. வலப்பக்கம் நின்னு சேணத்துல கை வைங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

"நான் உங்களை ஒரு கேள்வி கேட்டேன்."

"காதுல விழுந்துச்சு அக்கா."

காகிதம் கைப்பைக்குள் போனது.

முதல் வாரம் கஸ்தூரி விலகிக்கொண்டே இருந்தது. தடியை ஊன்றிக்கொண்டு ஜெசிந்தா பின்னாலேயே நகர்ந்தாள். வெல்லம் கொடுத்துப் பார்த்தாள்.

"வெல்லத்தைத் தின்னுட்டு அந்தாண்ட போயிடறா மாஸ்டர்."

"என்கிட்ட டீ குடிச்சுட்டு நீங்க போறதில்லையா? அந்த மாதிரிதான்."

இரண்டாம் வாரம் மைதானத்தில் ஒரு மரப்படி வந்து நின்றது. மூன்று படி, மேலே இரண்டு பேர் நிற்க இடம், பிடித்துக்கொள்ள ஒரு பக்கம் கம்பி. மாஸ்டரே அறுத்து, அடித்து, இரண்டு தடவை பிரித்துச் செய்தது. அதைக் கஸ்தூரியின் வலப்பக்கத்தில் போட்டார். தலைக்கயிற்றை ஜெசிந்தாவிடம் கொடுத்தார்.

"இன்னைக்கு நான் ஏறிப் பார்க்கறேன். நீங்க பிடிச்சுக்குங்க."

ஆறு வயதிலிருந்து குதிரைமேல் இருப்பவர். படிமேல் ஏறினார். சேணத்தைப் பிடித்தார். பழக்கத்தில் இடது காலைத் தூக்கி, சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையத்துக்குள் நுழைத்தார்.

"மாஸ்டர்! வாலைப் பார்த்து உட்காரப் போறீங்க!"

காலைப் பார்த்தார். வெளியே எடுத்தார். வலது காலை வைத்தார். இடது காலை வீசினார். அது சேணத்தைத் தாண்டாமல் கஸ்தூரியின் பின்புறத்தில் போய் மோதியது. கஸ்தூரி முன்னால் நடந்தது. மாஸ்டர் மெதுவாக வழுக்கி, மைதானத்தில் பரப்பியிருந்த மரத்தூளில் உட்கார்ந்தார்.

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் இடுப்பு வலித்தது. வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

"சிரிங்க, சிரிங்க. இருபத்து மூணு வருஷமா ஏறிட்டிருக்கேன். இந்த இடது காலுக்கு வீசத் தெரியல பாருங்க."

"வலிக்குதா மாஸ்டர்?"

"வலிக்கல. வெட்கமா இருக்கு."

எழுந்து தூளைத் தட்டிவிட்டார்.

"இடுப்புல புது மூட்டு வச்சப்புறம் நீங்க வலது காலைத் தூக்கி வீச முடியாது. நல்ல கால் வீசட்டும். அதுக்குத்தான் இந்தக் கூத்து."

மறுபடியும் படிமேல் ஏறினார். அன்று இன்னும் மூன்று முறை விழுந்தார்.

மூன்றாம் வாரம் ஒரு நாள் மூடுபனி. படியும் தெரியவில்லை, வேலியும் தெரியவில்லை. ஜெசிந்தா வலப்பக்கம் நின்று சேணத்தில் கை வைத்திருந்தாள். தலைக்கயிறு மாஸ்டர் கையில் இருந்தது.

"மாஸ்டர், அன்னைக்கு நான் கேட்டது பொய்."

"எது?"

"திரும்ப ஏறுவேனான்னு கேட்டது. என் பயம் அது இல்ல."

அவர் தலைக்கயிற்றைத் தளர்த்திப் பிடித்தார்.

"மயக்க மருந்து கொடுப்பாங்க. கண்ணை மூடுவேன். அப்புறம் திறக்கலைன்னா? ரூத்துக்கு நாலு வயசு. ஜடை பின்னக்கூடத் தெரியாது அவங்க அப்பாவுக்கு."

"ம்."

"கான்வென்ட்ல சிஸ்டர் சொல்வாங்க, பயத்தையெல்லாம் கடவுள்கிட்ட ஒப்புக்கொடுத்துடுன்னு. ராத்திரி ஜெபமாலை சொல்லி ஒப்புக்கொடுத்துட்டுத்தான் படுக்கிறேன். காலையில எழுந்து பார்த்தா என்கிட்டயே இருக்கு."

சாலையில் எங்கேயோ லாரி ஒன்று ஹாரன் அடித்தது. கஸ்தூரி தலையைத் தூக்கியது. அதன் தோல் முழுக்கச் சிலிர்த்தது. ஜெசிந்தா சட்டென்று கையை எடுக்கப் போனாள்.

"கையை எடுக்காதீங்க."

"அவ பயப்படறா மாஸ்டர்."

"பயப்படட்டும். கை அங்கேயே இருக்கட்டும்."

கை அங்கேயே இருந்தது. லாரி வளைவில் திரும்பிப் போனது. கொஞ்ச நேரம் கழித்துக் கஸ்தூரி நீளமாக ஒரு மூச்சு விட்டுத் தலையைத் தாழ்த்தியது. ஜெசிந்தாவும் அப்போதுதான் மூச்சு விட்டாள்.



இருபதாம் நாள் அவள் வந்தபோது கஸ்தூரி சேணத்தோடு தயாராக நின்றது. மாஸ்டர் கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

"பாருங்க."

கஸ்தூரி தானாகவே நடந்து போனது. மரப்படியைச் சுற்றிக்கொண்டு, வலப்பக்கத்தைப் படியோடு ஒட்டி வைத்து நின்றது. நின்று இவர்களைத் திரும்பிப் பார்த்தது.

"எப்போலேர்ந்து மாஸ்டர்?"

"முந்தாநாள்லேர்ந்து. மறதியில நான் இடப்பக்கம் போனா விடமாட்டேங்கறா. திரும்பித் திரும்பி வலப்பக்கத்தையே காட்டறா. என்னை ஒண்ணும் தெரியாதவன்னு முடிவு பண்ணிட்டா."

ஜெசிந்தா தடியைக் கம்பியில் மாட்டினாள். ஒரு படி. நின்றாள். இன்னொரு படி. நின்றாள். மூன்றாவது. மாஸ்டர் உதவிக்குப் போகவில்லை. ஆனால் எட்டும் தூரத்தில் நின்றார்.

மேலே நின்றபடி அவள் கஸ்தூரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கன்னத்தைப் பிடரியில் வைத்துக்கொண்டாள். கஸ்தூரி நகரவில்லை. அவள் இறங்கும்வரை ஒரு காலைக்கூட மாற்றி வைக்கவில்லை.

கீழே வந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு கைப்பையைத் திறந்தாள்.

"நாளைக்குக் காலையில அட்மிட் ஆகறேன் மாஸ்டர். கண்டிப்பா போவேன், பயப்படாதீங்க. இந்தத் தடவை தள்ளிப்போடல."

"தெரியும்."

"ஆனா இதை மட்டும் வாங்கிக்குங்க. ஒருவேளை நான் திரும்பி வரலைன்னா..."

மாஸ்டர் காகிதத்தை வாங்கினார். பிரித்து, முதல் வரியிலிருந்து கையெழுத்து வரை படித்தார். பழைய மடிப்பிலேயே மடித்தார். அவளுடைய கைப்பைக்குள் வைத்து, ஜிப்பையும் இழுத்து மூடினார்.

"வலப்பக்கம் ஏறற குதிரையை வச்சு நான் என்ன அக்கா பண்ணுவேன்?"