நாணற்குளத்துக்கு வேலைக்கு வந்த வாத்து

காட்டோரத்தில் நாணற்குளம் என்று ஒரு பெரிய குளம். அதில் நாமக்கோழிகளும் நீர்நாய்களும் நத்தைகுத்தி நாரைகளும் நிறைய மீன்களும் குடியிருந்தன.

அந்தக் குளத்தை ஒரு நோய் பிடித்திருந்தது. ஆகாயத்தாமரை! பூ என்னவோ ஊதா நிறத்தில் அழகுதான். ஆனால் அந்தக் களை பாய் விரித்த மாதிரி கரைக்குக் கரை படர்ந்து தண்ணீரையே மூடிவிட்டது. அடியில் வெயில் படவில்லை. மீன்கள் மூச்சுத் திணறி, இலை இடுக்குகளில் வாயைத் தூக்கிக்கொண்டு நின்றன. மீன் குறையக் குறைய நீர்நாய்களுக்கு அரை வயிறுதான். நாமக்கோழிகளோ நீந்த இடமில்லாமல் களைமேல் நடந்து திரிந்தன.

"இப்படியே போனா இது குளமா இருக்காது, மாடு மேய்க்கிற தரையா இருக்கும்" என்று நீர்நாய் சடையன் அடிக்கடி சொல்வான். சொல்வதோடு சரி.

குளிர்காலம் வந்தால் நாணற்குளத்துக்கு வடக்கிலிருந்து விருந்தாளிகள் வருவார்கள். பனிமலைகளைத் தாண்டி மங்கோலிய ஏரிகளிலிருந்து வரித்தலை வாத்துகள் வரும். சைபீரியாவிலிருந்து ஊசிவால் வாத்துகள் வரும். பெயர் தெரியாத தேசங்களிலிருந்து, சேற்றைக் கொத்தித் திரியும் உள்ளான்கள் வரும். வருவார்கள், தின்பார்கள், வெயில் ஏறியதும் கிளம்பிவிடுவார்கள். வழிவழியாக இதுதான் வழக்கம்.

நீமா என்ற இளம் வரித்தலை வாத்துக்கு மட்டும் இது உறுத்தியது. முதல்முறை அவள் இந்தக் குளத்துக்கு வந்தபோது, ஒரு கெண்டை மீன் களைக்கு நடுவே துடித்துத் துடித்துச் செத்துப்போனதைப் பக்கத்திலிருந்து பார்த்தாள். ஊருக்குத் திரும்பிய பிறகும் அது அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை. வழியில் தங்கிய ஏரிகளில் எல்லாம் தன் வயதுப் பறவைகளைக் கூப்பிட்டுப் பேசினாள். வருஷாவருஷம் தின்றுவிட்டு வருகிற குளம் செத்துக்கொண்டிருக்கும்போது நமக்கென்ன என்று இருக்க முடியுமா என்று கேட்டாள். ஊசிவால் வாத்து யூரா முதலில் சேர்ந்துகொண்டான். பிறகு உள்ளான்கள் சில. பல தேசத்து இளசுகள் சேர்ந்து ஒரு தொண்டர் கூட்டமே உருவாகிவிட்டது. பெரியவர்கள் சிரித்தார்கள். லீவு நாளில் போய் வேலை செய்கிற வாத்துகளை நாங்கள் கண்டதில்லை என்றார்கள். இளசுகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மழைக்காலம் முடிகிற சமயத்தில், பெரியவர்களுக்கு முன்பாகவே பறந்து வந்து நாணற்குளத்தில் இறங்கினார்கள்.

விஷயம் கேள்விப்பட்டதும் குளத்தில் ஒரே குதூகலம். நாமக்கோழி வடிவு தன் கூட்டத்தோடு ஓடி வந்தாள். சடையன் குடும்பமும் வந்தது. எல்லோரும் களை பிடுங்கத் தண்ணீரில் இறங்கினார்கள்.

நீமா பதறிப்போய்த் தடுத்தாள். "ஐயோ, நீங்க எதுக்கு அக்கா கஷ்டப்படணும்? உட்காருங்க. இதுக்குன்னுதானே நாங்க வந்திருக்கோம்."

வடிவு தயங்கினாள். நீமா விடவில்லை. கடைசியில் எல்லோரும் கரையேறி உட்கார்ந்தார்கள்.

நீமாவும் அவள் கூட்டமும் வேலை செய்த வேகத்தைச் சொல்லி முடியாது. வாத்துகள் களையைக் கவ்வி இழுத்தன. உள்ளான்கள் வேரைக் கொத்தித் துண்டாக்கின. யூரா இழுத்தவற்றைக் கரையில் குவித்தான். நாளாக நாளாக நீலத் தண்ணீர் வெளியே வந்தது. கரையில் இருந்தவர்கள் இறக்கையையும் வாலையும் தட்டி ஆரவாரம் செய்தார்கள். இப்படி ஒரு பிள்ளை நமக்கு வாய்க்கலையே என்று ஒரு நாரை நீமாவைப் பார்த்து மூக்கு உறிஞ்சினாள். நீமாவுக்கு உச்சி குளிர்ந்தது. மறுநாள் இன்னும் வேகமாகப் பிடுங்கினாள்.

கரையில் இருந்தவர்களுக்கும் அது பழகிவிட்டது. முதலில் பாராட்டினார்கள். பிறகு யோசனை சொன்னார்கள். பிறகு குறை சொன்னார்கள். சடையன் வெயிலில் மல்லாந்து படுத்தபடி, அந்த மூலையில் கொஞ்சம் விட்டுப்போச்சு தங்கச்சி என்று காலை நீட்டிக் காட்டினான். நீமா ஓடிப்போய் அதையும் பிடுங்கினாள்.

குளம் கிட்டத்தட்ட சுத்தமாகிவிட்டது. அந்தச் சமயத்தில், தங்கள் பெற்றோர்கள் இந்த வருஷம் இங்கே வராமல் தெற்கே வேறொரு ஏரியில் வந்து இறங்கியிருப்பதாக இளசுகளுக்குச் செய்தி வந்தது. எல்லோருமாகப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினார்கள். போன இடத்தில் உறவும் விருந்துமாகக் கொஞ்ச நாள் கூடிவிட்டது.

திரும்பி வந்ததும் நீமா குளத்தைப் பார்த்தாள். பாதிக் குளத்தைக் காணோம்! பழையபடி பச்சைப் பாய் விரிந்து கிடந்தது. நடுவில் ஊதாப் பூக்கள் தலையாட்டிக்கொண்டிருந்தன.

கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன அவளுக்கு. நேரே வடிவிடம் போனாள்.

"என்னக்கா இது? நாங்க இல்லாத நேரத்துல ஒரு செடியைக்கூட யாரும் பிடுங்கலையா?"

"அது உங்க வேலையாச்சே" என்றாள் வடிவு.

"எங்க வேலையா? இது உங்க குளம் அக்கா!"

வடிவு குரலை உயர்த்தாமல் சொன்னாள். "எங்க குளம்னு நீ இன்னைக்குத்தான் சொல்றே. வந்த அன்னைக்கு நாங்களும்தானே தண்ணியில இறங்கினோம்? உட்காருங்கன்னு சொன்னது நீ. எதைப் பிடுங்கணும், எதை விட்டுவைக்கணும்னு எங்களை ஒரு வார்த்தை கேட்டியா? கிழக்கு ஓரத்துல பெரிய திட்டா ஒண்ணை இழுத்துப் போட்டியே, அதுமேலதான் நான் கூடு கட்டிக்கிட்டிருந்தேன்."

நீமாவின் கழுத்து தொங்கிப்போயிற்று. அந்தத் திட்டு அவளுக்கு நினைவிருந்தது. கனமாக இருந்ததால் அதை இழுத்துக் கரை சேர்த்தபோது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"ஏன்க்கா அப்பவே சொல்லலை?"

"முட்டை இன்னும் இடலை. அதனால பரவாயில்லைன்னு விட்டுட்டேன். எங்கேயோ தூர தேசத்துல இருந்து நமக்காக வந்த பிள்ளைங்க, மனசு நோகுமேன்னு வாயைத் திறக்கலை. அது என் தப்புதான்."

சடையன் பக்கத்தில் வந்து நின்றான். அவனுக்கு ஒளித்துப் பேசத் தெரியாது. "எனக்கு அந்த மாதிரி நல்ல எண்ணமெல்லாம் ஒண்ணும் இல்லை தங்கச்சி. உட்காருன்னு சொன்னே. உட்கார்ந்தேன். சுகமா இருந்துச்சு."

அழ இருந்த நீமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வடிவும் சிரித்தாள்.

ஆனால் நிலைமை சிரிக்கிற மாதிரி இல்லை. வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. வடக்குப் பறவைகளால் கோடையைத் தாங்க முடியாது, சீக்கிரமே கிளம்பியாக வேண்டும். அவர்கள் கிளம்பியதும் குளம் மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டால் இந்தக் கோடையை மீன்கள் தாண்டாது. இரவு பகல் பார்க்காமல் பிடுங்கிவிடுவோம் என்றான் யூரா.

நீமா தலையை அசைத்தாள். "நாம எவ்வளவு வேகமாப் பிடுங்குறோமோ அவ்வளவு வேகமா அது திரும்ப வந்துடும் யூரா. இந்தத் தடவை முதல்ல இவங்களைக் கேட்போம்."

மறுநாள் காலை எல்லோரும் கரையில் கூடினார்கள். நீமா தானாக எதுவும் சொல்லவில்லை, என்ன செய்யலாம் என்று எல்லோரையும் கேட்டாள். ஒருவர் பேச ஆரம்பித்ததும் எல்லோரும் பேசினார்கள். கிழக்கு ஓரத்துக் களையில் ஒரு பட்டையை அப்படியே விட்டுவிட வேண்டும், கூடு கட்டவும் மீன் முட்டையிடவும் அது வேண்டும் என்றாள் வடிவு. இத்தனை களை எங்கிருந்துதான் வருகிறது என்று கேட்டான் சடையன். அவன் பிறந்து வளர்ந்தது இங்கேதான். இருந்தும் அந்தக் கேள்வி அன்றைக்குத்தான் அவன் வாயில் வந்தது.

அதைக் கண்டுபிடிக்க நீமா உயரே பறந்து போய்ப் பார்த்தாள். மேலேயிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரிந்தது. குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய் நெடுக ஒரு பச்சைக் கோடு. மேட்டு ஊர்ச் சாக்கடையிலிருந்து களை மிதந்து மிதந்து வந்துகொண்டிருந்தது.

அவள் இறங்கி வந்து சொன்னதும் சடையன் துள்ளினான். கால்வாய் குளத்தில் சேர்வதற்குச் சற்று முன்னால், இரண்டு பாறைகளுக்கு நடுவே குறுகிப்போகும் இடம் அவனுக்குத் தெரியும். அங்கே ஒரு தடுப்பு வைத்தால் தண்ணீர் வரும், களை வராது!

எல்லோரும் அங்கே போனார்கள். நீர்நாய்கள் காட்டில் விழுந்து கிடந்த மூங்கிலை இழுத்து வந்தன. வாத்துகள் நாணலைச் சுமந்தன. முதலில் யூரா தன் ஊர் முறைப்படி புல்லை முறுக்கிக் கட்டினான். அன்று மாலையே தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போயிற்று. அடுத்த தடவை நாமக்கோழிகள் காட்டுக்கொடியைக் கொண்டுவந்து கூடு பின்னுகிற மாதிரி பின்னின. மூங்கிலை எந்தச் சாய்வில் நட்டால் வேகம் தாங்கும் என்று யூரா பார்த்துச் சொன்னான். தடுப்பு நின்றது.

இனிக் குளத்துக்குள் இருக்கும் களைதான் பாக்கி. அதற்கு நாரைகள் வர மறுத்தன. பவளாயி என்ற நாரை வெளிப்படையாகவே கேட்டாள். "என் அலகு நத்தை பிடிக்கிற அலகு. களை பிடுங்கி எனக்கு என்ன ஆகப்போகுது?"

வடிவு ஒரு செடியைப் பிடுங்கி வேர் மேலாகப் புரட்டி அவள் காலடியில் போட்டாள். வேர்க்கொத்து முழுக்க நத்தை! பவளாயியின் கண் விரிந்தது. அன்று மாலைக்குள் நாரைக் கூட்டம் மொத்தமும் குளத்தில் நின்றது. என் செடி உன் செடி என்று சண்டை வேறு. பிடுங்கியவருக்குத்தான் நத்தை என்று வடிவு தீர்ப்பு சொன்ன பிறகுதான் சத்தம் அடங்கியது.

நீமாவுக்கு இப்போதுதான் கஷ்டமான வேலை ஆரம்பித்தது. சும்மா இருக்கிற வேலை!

நாமக்கோழிகள் மெதுவாகப் பிடுங்கின. நடுவே பேசிச் சிரித்தன. நீர்நாய்கள் பாதி வேலையில் மீனைத் துரத்திக்கொண்டு போயின. நேர்கோடாக எடுத்துவர வேண்டிய இடத்தில் நாரைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிடுங்கின. நீமாவின் அலகு துறுதுறுத்தது. நான் இறங்கினால் இந்தத் திட்டு ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடுமே என்று மனசு அடித்துக்கொண்டது. ஒருமுறை தண்ணீரில் கால் வைத்தேவிட்டாள். வடிவு திரும்பிப் பார்த்தாள். நீமா காலை எடுத்துக்கொண்டாள்.

"கூப்பிட்டா மட்டும் வா" என்று சிரித்தாள் வடிவு.

கனமான திட்டை இழுக்கும்போது கூப்பிட்டார்கள். நீமாவும் யூராவும் போய் ஒரு பக்கம் பிடித்தார்கள். மற்றபடி கரையில் இருந்தார்கள். குளம் முன்பைப் போல வேகமாகத் திறக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, கோணல்மாணலாகத் திறந்தது. ஆனால் திறந்த இடம் மறுபடி மூடவில்லை. ஒரு காலையில் மீன்கூட்டம் ஒன்று வெள்ளிக்காசைச் சிதறவிட்ட மாதிரி தண்ணீருக்கு மேலே துள்ளியதை எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வடிவு கிழக்கு ஓரத்தில் புதுக்கூடு கட்டி அடைகாக்க உட்கார்ந்துவிட்டாள். அவள் செய்யவேண்டிய வேலையை அவள் கணவன் செய்தான். அவன் செய்வது சரியில்லை என்று கூட்டில் இருந்தபடியே சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.

வெயில் சுள்ளென்று அடிக்கத் தொடங்கியது. வடக்குப் பறவைகள் கிளம்பும் நாள் வந்தது.

நீமா மனசுக்குள் ஒரு பிரியாவிடையை எதிர்பார்த்திருந்தாள். எல்லோரும் கரையில் திரண்டு நிற்பார்கள், இரண்டு பேராவது அழுவார்கள் என்று நினைத்திருந்தாள். வந்து பார்த்தால் கரையில் ஒருவரும் இல்லை. முந்தின நாள் திடீரென்று பெய்த கோடை மழை வெள்ளத்தில் தடுப்பின் ஒரு மூங்கில் சாய்ந்துவிட்டது. சடையன் அதை நிமிர்த்திக்கொண்டிருந்தான். நாமக்கோழிகள் கொடி பின்னிக்கொண்டிருந்தன. பவளாயி குறுக்கே நின்று எல்லோருக்கும் யோசனை சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் நீமாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நம்மை மறந்துவிட்டார்களா என்று ஒரு கணம் அவளுக்கு இருந்தது. பிறகு தடுப்பைப் பார்த்தாள். அதைச் சுற்றி நடக்கிற சண்டையைப் பார்த்தாள். இந்தத் தடவை யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை! அது புரிந்ததும் அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. யூராவைப் பார்த்து இறக்கையை விரித்தாள்.

அவர்கள் கூட்டமாக எழும்பிக் கிழக்கு ஓரத்தைக் கடக்கும்போது கூட்டிலிருந்து வடிவு எட்டிப் பார்த்தாள். அவளால் எழுந்திருக்க முடியாது, வயிற்றுக்கடியில் முட்டைகள்.

"போயிட்டு வா நீமா! அடுத்த தடவை வேலைக்கு வராதே. சும்மா வா, வந்து நாலு நாள் இருந்து சாப்பிட்டுட்டுப் போ!"

"வர்றேன்க்கா!" என்று கத்திவிட்டு, நீமா வடக்கே பறந்தாள்.

பிறருக்காகச் செய்வதைவிடப் பிறரோடு சேர்ந்து செய்வதே நல்ல உதவி; உதவியவர் போன பிறகும் நிலைப்பது அதுதான்.